ஹெவி லேண்டிங்

ஏற்காட்டில் இறங்கி நாகலூர் ரோட்டில் கொஞ்சம் போனால் எங்கள் சாரின் ஃப்ளெக்ஸ் இருக்கிறது. வெயிலில் வெளுத்துப்போய் இப்போது முகத்தைவிடத் தொப்பிதான் தெளிவாகத் தெரிகிறது. மேலே வீரவணக்கம், கீழே வைத்தவர்கள் படம் வரிசையாக. வருஷா வருஷம் ஜனவரியில், களத்தில் காப்பிப் பழம் காயும் சமயமாகப் பார்த்து, அவருடைய அப்பாவைப் பார்த்துவிட்டு வருவேன். இந்த முறை ஒரு விஷயத்தை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று, அடிவாரத்தில் பஸ் ஏறியதிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் முடிகிறவரை யோசித்துக்கொண்டே போனேன்.

நான் கடற்படையில் 15 வருஷம் ஏர் மெக்கானிக். இப்போது கோரிமேட்டில் டூவீலர் பட்டறை. கடைசி சில வருஷம் அரக்கோணத்தில், ஐஎன்எஸ் ராஜாளியில் இருந்தேன். கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று சேலத்தில் இன்னும் கேட்கிறார்கள். 1992 மார்ச்சில் தொடங்கிய விமானத்தளம் அது, ஹெலிகாப்டர் ஓட்டப் பழகும் பள்ளியும் அங்கேதான். பழகுவது சேத்தக்கில். மேலே மூன்று பிளேடு, ஒரே ஒரு இன்ஜின், அது நிமிடத்துக்கு 33,500 சுற்று சுற்றும். ஒரே இன்ஜின் என்பதால் அது நின்றுபோனால் எப்படி இறங்குவது என்பதைத்தான் திரும்பத் திரும்பப் பழக்குவார்கள்.

சார் அங்கே பயிற்சியாளர். நான் சேலம் என்று தெரிந்ததும், "அஸ்தம்பட்டிப் பக்கமா, கீழயா?" என்று கேட்டார், ஏற்காட்டுக்காரர்களுக்கு நாங்கள் எல்லாரும் "கீழ"தான். நல்ல மனுஷன், ஆனால் சுலபமான மனுஷன் இல்லை. கேரமில் தோற்றால் பேச மாட்டார். கேன்டீன் காப்பியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பதைப் பார்த்தால் போட்டுக் கொடுத்தவனுக்கே அழுகை வரும். ஒருமுறை என் டூல் பையில் ஒரு ஸ்பேனர் குறைந்தது. ஏதாவது ஹெலிகாப்டருக்குள் விழுந்து கிடக்கலாம் என்பதால், அது கிடைக்கிற வரை எந்த வண்டியும் கிளம்பாது. கடைசியில் அது என் சட்டைப் பையிலேயே இருந்தது. அன்றைக்கு அவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

சொல்ல வந்தது வேறு. ஒரு நாள் மாலை, இன்ஜின் நின்றதுபோல் இறங்குவதை மாணவருக்கு அவரே செய்து காட்டினார், வண்டி கொஞ்சம் பலமாகத் தரையில் உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த எங்களுக்கே பெரிதாகத் தெரியவில்லை. உள்ளே வந்தவர், வண்டியின் பதிவுப் புத்தகத்தை, எழுநூறு என்று நாங்கள் சொல்வதை, கேட்டு வாங்கி, ஹெவி லேண்டிங் என்று எழுதி, இறக்கியது நான் என்று கையெழுத்தும் போட்டார், மாணவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அப்படி எழுதிவிட்டால் சக்கரத்தின் ஓலியோ என்கிற அதிர்வுதாங்கி, கியர்பாக்ஸ் பிடிமானம், வால் இணைப்பு என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாக வேண்டும், எங்களுக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. மனதுக்குள் நானும் திட்டினேன். ஆனால் அவர் வீட்டுக்குப் போகவில்லை. அப்பா அனுப்பிய காப்பித்தூளை எடுத்து வந்து, ஹேங்கருக்கு வெளியே எல்லாருக்கும் கடுங்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, விடிய விடிய டார்ச் பிடித்தார். ஒன்றும் உடைந்திருக்கவில்லை. அதற்கு அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது.

அவர் போனது வேறு தளத்தில், வேறு விமானத்தில், நான் ஓய்வு பெற்ற பிறகு. பட்டறையில் டிவியில் பார்த்தேன். முதலில் மனதில் வந்தது அவர் முகம் இல்லை. கடைசியாக அந்த வண்டியைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் யார் என்பதுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் எங்கள் தொழிலில் இருந்தவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். கடலில் விழுந்தால் தேடுவதும் லேசில்லை, 2020 நவம்பர் 26-ல் கோவா பக்கம் மிக் 29கே விழுந்தபோது கமாண்டர் நிஷாந்த் சிங்கின் உடல் கிடைக்க 11 நாள் ஆனது. சார் நான்காம் நாள் வந்தார். நான்கு நாளும் அப்பா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.

அப்பா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர், ஆயுசு முழுக்க செக்ரோல், அதாவது வேலையாட்களின் வருகைப் பதிவு, எழுதிய கை. அன்று களத்தில் பழத்தைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார். வந்து போகிறவர்கள் எல்லாரும் மகனைத் தப்பே செய்யாத ஆளாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் போய் அந்த மாலை அவர் வண்டியைப் பலமாக இறக்கியதைச் சொல்வதா? வாய் தடுமாறிக்கொண்டேதான் சொல்லி முடித்தேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எழுதினான்ங்களா தம்பி?" என்றார்.

"எழுதினாருங்க ஐயா. யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே."

"கையெழுத்து?"

"போட்டாருங்க."

"அது போதும்," என்று சொல்லிவிட்டுப் பழத்தைத் திருப்பப் போனார். கிளம்பும்போது அரைக்கிலோ தூள் கட்டிக் கொடுத்தார்கள். பாதி வழியில், நாலைந்து வளைவு இறங்கிய பிறகுதான் கவனித்தேன், பொட்டலத்தின் மேல் தேதியும் எடையும் எழுதி, ஓரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார்.