உள் லூப்

பிப்ரவரி 3

பல கணினிகளைச் சேர்த்துக் கட்டிய கிளஸ்டரில் எங்களுக்கான ஒதுக்கீடு மாதக் கடைசியோடு முடிகிறது. வேலை இன்னும் வரிசையில்தான் நிற்கிறது.

பிப்ரவரி 4

பகல் முழுக்க லேபில் அதே சண்டை: எந்த நிரல்மொழி வேகம், ஜூலியாவா, சி-யா, ஃபோர்ட்ரானா. சுவரில் ஒட்டியிருக்கும் வேக அட்டவணையைக் காட்டியே எல்லோரும் பேசுகிறார்கள். அதில் அளந்திருப்பது அணிப்பெருக்கல். பைத்தான் மொழியில் நம்பை என்ற எண்கணித நூலகம் வழியாகப் பெருக்கினாலும், ஜூலியாவில் பெருக்கினாலும், வேலை போய்ச் சேர்வது ஓப்பன்பிளாஸ் மாதிரி, அணிக்கணக்குக்கென்றே எழுதி வைத்த ஒரு நூலகத்துக்குத்தான். அங்கே உள்ளே ஓடுவது சி-யும், மெஷினுக்கு நெருக்கமான அசெம்பிளியும். ஒரே ஆள் செய்த வேலையை இரண்டு பேர் கணக்கில் எழுதிவிட்டு, யார் வேகம் என்று கேட்டால் என்ன சொல்வது? எரிச்சலாக வருகிறது.

பிப்ரவரி 6

அக்காவுக்கு விசா வந்துவிட்டது. அவருடைய ஃபோர்ட்ரான் கோடு இனி என் பொறுப்பு.

பிப்ரவரி 7

என் கணக்கு அணிப்பெருக்கல் இல்லை. தகட்டில் வெப்பம் பரவுவது. ஒவ்வொரு புள்ளியும் தன் நான்கு பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மாறும். சில கூட்டல், ஒரு பெருக்கல், அவ்வளவுதான். வெறும் பைத்தான் லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் வரிகளில் எழுதினால், ஒவ்வொரு கூட்டலுக்கும் இது என்ன வகை எண் என்று விசாரித்து, விடைக்குப் புதுசாக ஒரு பொருளை உண்டாக்கி, அப்புறம்தான் அடுத்தது. ஆக, பைத்தான் லூப் வேண்டாம். அதில் சந்தேகமில்லை.

சி-யில் இருந்ததை ஜூனியர் பையன் வரிக்கு வரி ஃபோர்ட்ரானுக்கு மாற்றி ஓட்டிவிட்டு "ஃபோர்ட்ரான் மெதுவு சார்" என்கிறான். எண் கட்டத்தை மெமரியில் சி நிரை நிரையாக (கிடை வரிசையாக) அடுக்கும், ஃபோர்ட்ரான் நிரல் நிரலாக (செங்குத்து வரிசையாக) அடுக்கும். மெமரியிலிருந்து ஒரு எண் கேட்டால் எங்கள் மெஷினில் 64 பைட் சேர்ந்தே வருகிறது, அதாவது 8 டபுள் (எட்டு பைட் தசம எண்). உள் லூப் தப்புத் திசையில் நடந்தால் எட்டில் ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடுகிறது. இரண்டு லூப்பையும் இடம் மாற்றச் சொன்னேன். மாற்றினான். முகம் மாறிவிட்டது. ஜூலியாவும் நிரல் கட்சிதான் என்று சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 8

இன்னும் வரிசையில்.

பிப்ரவரி 10

அக்கா பெட்டி கட்டிக்கொண்டே பாடம் நடத்தினார். பழைய வெப்பம் ஒரு அரேயில் (எண் அடுக்கில்), புதியது இன்னொன்றில். கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் சி கம்பைலருக்கு இரண்டு பாயின்டர், அதாவது மெமரி முகவரிதான் தெரியும். ஒன்றில் எழுதினால் மற்றது மாறுமோ என்று தயங்கும், இல்லையென்றால் ஓடும்போது சோதித்துப் பார்க்கும். ஃபோர்ட்ரானில் அப்படி ஒன்றன்மேல் ஒன்று விழும் அரேக்களை அனுப்பி எழுதுவதே விதிப்படி கூடாது. "அதனால அது தைரியமா நாலு நாலா எடுத்துப் போடும்டா" என்றார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாது என்று வாக்குக் கொடுக்கும் ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல் சி-க்கு 1999 தரத்தில்தான் வந்தது. ஃபோர்ட்ரானோ ஜான் பேக்கஸின் குழு 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்குக் கொடுத்த மொழி. கையால் எழுதிய அசெம்பிளிக்கு ஈடு கொடுக்காவிட்டால் யாரும் சீண்டமாட்டார்கள் என்ற பயத்தோடு கட்டிய கம்பைலர். அந்தப் பயத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பிப்ரவரி 12

ஜூலியா நன்றாகவே ஓடுகிறது. முதல் தடவை கம்பைல் ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டு அளந்தால் ஃபோர்ட்ரானுக்குப் பக்கத்தில் வருகிறது. குளோபல் மாறியை (ஃபங்ஷனுக்கு வெளியே வைத்த மாறியை) லூப்புக்குள் விட்டால் மட்டும் படுத்துவிடும். இவ்வளவு அழகான மொழியை மெதுவு என்பவர்கள் மேல் கோபம் வருகிறது.

பிப்ரவரி 13

மொத்த வெப்பத்தின் கடைசி இலக்கங்கள் ஜூலியாவிலும் ஃபோர்ட்ரானிலும் ஒத்துப்போகவில்லை.

பிப்ரவரி 14

ராத்திரி முழுக்க அதே நினைப்பு. 0.1, 0.2, 0.3. முதல் இரண்டை முதலில் கூட்டினால் 0.6000000000000001, பின் இரண்டை முதலில் கூட்டினால் 0.6. கம்பைலை எப்படி நடத்துவது என்று எழுதி வைக்கும் அக்காவின் மேக்ஃபைலில் ஃபாஸ்ட்மேத் என்ற கொடி (கம்பைலருக்கான ஃப்ளாக்) போட்டிருக்கிறது. கூட்டும் வரிசையை மாற்றிக்கொள்ள அது கம்பைலருக்கு உரிமை கொடுக்கிறது. வேகத்தில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அப்படியானால் இத்தனை நாள் நாங்கள் ஒப்பிட்டது மொழியையா, அந்த ஒரு கொடியையா?

பிப்ரவரி 15

ஒவ்வொரு கூட்டலிலும் விட்டுப்போன சின்னப் பிழையைத் திருத்தமாகச் சேர்த்துக்கொண்டே போகும் கஹான் கூட்டல் போட்டுப் பார்க்க வேண்டும். ஃபாஸ்ட்மேத் இருந்தால் கம்பைலர் அந்தத் திருத்தத்தைப் பூஜ்ஜியம் என்று தள்ளிவிடும். அந்தக் கோப்பை மட்டும் தனியாகக் கம்பைல் செய்யணும். அக்கா கிளம்புவதற்குள் கேட்டுவிட வேண்டும், அந்தக் கொடியைப் போட்டது அவரா, அவருக்கு முன்னால் இருந்தவரா என்று.