யாழ்ப்பாணத்து மனித உரிமை அமைப்பொன்றின் வரலாற்றை ஆய்வேடாக்கியபோது

‘மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்)’ அமைப்பைப் பற்றி இறுதியாண்டு ஆய்வேடு எழுதப்போகிறேன் என்றதும், “வேற தலைப்பு ஒண்டைப் பாருமன்” என்றுதான் பலர் சொன்னார்கள். என் மேற்பார்வையாளர் தடுக்கவில்லை. காலத்தை மட்டும் சுருக்கச் சொன்னார்: 1988இல் அமைப்பு உருவானதிலிருந்து 1989 செப்டெம்பர் வரை. ஆய்வேட்டை முடிக்க முடிந்ததே அந்த ஆலோசனையால்தான்.

அமைப்பின் அறிக்கைகள் ஆங்கிலத்தில் இணையத்திலேயே கிடைக்கின்றன. அவற்றோடு ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், ஸ்ரீதரன், ராஜினி திராணகம நால்வரும் எழுதிய ‘முறிந்த பனை’ நூலையும் வைத்துக்கொண்டு ஓர் அட்டவணை போட்டேன்: இடம், திகதி, செய்தது யார், தகவல் எப்படிக் கிடைத்தது. அட்டவணை நீள நீளத்தான் இவர்களுடைய துணிவு எனக்கு உறைத்தது. 1987 ஒக்டோபர் 21 அன்று யாழ் வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் மருத்துவர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றதை எழுதிய அதே கைகள், புலிகள் மாற்று இயக்கத்தவரைக் கொன்றதையும் எழுதின. இந்தியப் படையோடு நின்ற தமிழ் இயக்கங்களையும் விடவில்லை. அப்படி எழுதிவிட்டு அதே ஊரில், துப்பாக்கி வைத்திருந்த எல்லோருக்கும் நடுவில், பாடம் நடத்திக்கொண்டும் இருந்தார்கள்.

அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ராஜினி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவர். 1989 செப்டெம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. கொன்றது புலிகளே என்பது அவருடைய சகாக்களின் உறுதியான நிலைப்பாடு. அத்தோடு வளாகத்துக்குள் வெளிப்படையான வேலை நின்றுபோனது. மற்றவர்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஆனாலும் அறிக்கைகள் தொடர்ந்து வந்தன.

நேர்காணல்தான் கடினம். ஃபோனில் பதிவு செய்யலாமா என்று கேட்டாலே பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். சரி என்று பேனாவால் மட்டும் குறித்தேன், பெயர் எழுதவில்லை. குறித்ததை அவர்களுக்கே வாசித்துக் காட்டினேன். அப்புறம்தான் மனம்விட்டுக் கதைத்தார்கள்.

வாய்மொழித் தேர்வில், பெயரில்லாத சாட்சியத்தை எப்படி நம்புவது என்று கேட்டார்கள். அந்த நாட்களில் பெயர் வெளியே வந்தால் சாட்சி சொன்னவரின் உயிருக்கே ஆபத்து என்றேன். அட்டவணையைக் காட்டி, இடமும் திகதியும் வேறு பதிவுகளோடு ஒத்துப்போன சம்பவங்களையே ஆய்வின் உடலில் வைத்ததாகவும், மற்றவற்றைத் தனிப் பின்னிணைப்பாகப் பிரித்ததாகவும் விளக்கினேன். அதை ஏற்றுக்கொண்டார்கள்.