ஏற்காட்டுத் திறந்த திண்ணைக்கு ஒரு பெஞ்சும் விளக்குகளும்

ஏற்காட்டில் எங்கள் வீட்டின் பின்புறம், காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தபடி கூரையில்லாத திண்ணை ஒன்று இருக்கிறது. அதற்கென்று நீண்ட பெஞ்சு, தாழ்வான மேசை, அவற்றோடு ஒட்டிய விளக்குகள் ஆகியவற்றை வடிவமைத்துச் செய்து வருகிறேன். பெஞ்சும் மேசையும் முடிந்துவிட்டன. விளக்கு வேலை பாதியில் நிற்கிறது.

ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், மழை ஓய்ந்த பிறகும் மூடுபனி வந்து மரத்தையும் இரும்பையும் ஈரமாகவே வைத்திருக்கும். ஆகவே அழகு குறித்த ஒவ்வொரு முடிவையும், விழுந்த தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்ற கேள்வியிலிருந்தே தொடங்கினேன். இதற்கு எனக்கு முன்மாதிரியாக இருந்தவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ரிச்சர்ட் ஷுல்ட்ஸ். ஃப்ளோரிடாவின் உப்புக் காற்றில் தம் வீட்டு நாற்காலிகள் துருப்பிடித்ததைக் கண்டு, நோல் அறைகலன் நிறுவனத்தை வளர்த்த வடிவமைப்பாளர் ஃப்ளாரன்ஸ் நோல் கேட்டுக்கொண்டதற்காக, அலுமினியச் சட்டமும் வலைத்துணியும் கொண்டு ஷுல்ட்ஸ் உருவாக்கிய வெளிப்புற அறைகலன் வரிசை 1966இல் வெளிவந்தது. அதன் மெல்லிய, தெளிவான கோடுகள் வானிலையைத் தாங்க வேண்டிய தேவையிலிருந்தே பிறந்தன என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த செய்தி.

பெஞ்சின் சட்டத்துக்கு 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில் சதுரக் குழாய் எடுத்தேன். மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகம் கடலோரத்துக்கு அவசியம். உப்புக் காற்று இல்லாத சேர்வராயன் மலையில் அந்தக் கூடுதல் செலவு வேண்டியதில்லை. சேலத்துப் பட்டறையில் பற்றவைக்கும்போது, குழாய்களின் மேல்முனைகளை முழுவதும் அடைத்து, ஒவ்வொரு காலின் அடியிலும் சிறு துளை விடச் சொன்னேன். உள்ளே வேர்க்கும் நீர் அதன் வழியே இறங்கிவிடும்.

பலகைகள், இடித்த வீடொன்றின் தேக்கு உத்தரங்களிலிருந்து அறுத்தவை. இழைப்புளி ஓடியதும் மேலிருந்த கறுப்பு சுருளாகக் கழன்று, உள்ளே தேன்நிறமும் தேக்கின் எண்ணெய் வாசமும் அப்படியே இருந்தன. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். ஈரத்தில் மரம் ஊதுவதற்கும் நீர் வழிவதற்கும் பலகைகளுக்கிடையே 8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருக்கிறேன். இரும்பு ஆணி எங்கும் இல்லை. ஈரத் தேக்கில் இரும்பு பட்டால் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருங்கறை படியும். மேசையை, ஒரு கட்டையின் முனை மற்றொன்றின் துளைக்குள் செருகும்படி, கழுந்தும் துளையுமாக இணைத்து மரமுளை அடித்தோம். மேற்பலகையைப் பொருத்துவதற்கு முன், உதவிக்கு வந்த ஆசாரி, “தம்பி, நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் ஒரு நூல் சரிவு குடுத்துடலாம், தண்ணி நிக்காது” என்றார். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவில், காலைப் பனித்துளிகள் ஒன்றோடொன்று கூடி விளிம்பை நோக்கி நகர்வதை இப்போது பார்க்க முடிகிறது. வார்னிஷ் பூசவில்லை. வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் மரநார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருளைச் சிதைத்துத் தேக்கைச் சாம்பல் நிறமாக்கும்; உரிந்து தொங்கும் வார்னிஷைவிட அந்த நிறமே மேல் என்பது என் கருத்து.

விளக்குகளுக்கு 12 வோல்ட் மின்சாரம். மின்மாற்றி வீட்டுக்குள் இருக்கிறது. பெஞ்சின் முன்சட்டத்துக்கு அடியில், ஒளிமூலம் கண்ணில் படாதபடி, 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் எல்.இ.டி. பட்டையைக் கீழ்நோக்கி ஒட்டினேன். தரையும் கால்களும் மட்டும் தெரிவதால், எதிரே உள்ள மரங்களின் இருட்டு கெடவில்லை. பூச்சிகளில் பல நீல ஒளியையும் புற ஊதாவையும் நாடுபவை. மஞ்சள் ஒளியில் அவற்றின் வரவு குறைவு, ஈசல் காலத்தில் இது பெரிய நிம்மதி. விளக்கின் ஐ.பி. 65 என்ற தரக்குறியீடு தூசி புகாமையையும் பீய்ச்சும் நீரைத் தாங்குவதையும் குறிக்கும். ஆனால் கம்பி வழியாக ஒழுகி வரும் நீரையும் தடுக்க வேண்டும் என்பதால், விளக்குக்குள் நுழையும் முன் கம்பியைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டேன். துளி அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும்.

இனி நடைவழி விளக்குகள் மிச்சம். அவற்றின் தகட்டு மூடிகளுக்கு அளவு கொடுத்தாயிற்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன் மண்ணில் குழாய் பதித்துக் கம்பி இழுத்துவிட வேண்டும்.