தமிழ், அயல்மொழி, 12 கிரெடிட்

அந்தத் தாளை முதலில் பார்த்தது அப்பாதான். தபாலில் வந்த உறையைப் பிரித்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். எந்தத் தாளைக் கையில் கொடுத்தாலும் திருத்துகிற பார்வைதான் வரும். பாதியில் நிறுத்தி, "என்னடா இது, தமிழை அயல்மொழின்னு போட்டிருக்கான்?" என்றார்.

போட்டுத்தான் இருந்தது. ஊரில் நான் முடித்த நான்கு செமஸ்டர் பி.எஸ்ஸி. கணிதத்தில் எதெதற்கு இங்கே கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேர்கிற பாடப் புள்ளி, உண்டு என்று அமெரிக்காவில், நியூ ஜெர்சியில், இரண்டு வருடப் பட்டம் தரும் ஒரு கம்யூனிட்டி காலேஜ் அனுப்பிய பட்டியல் அது. பகுதி ஒன்று தமிழ், நான்கு தாள்: அயல்மொழி, 12 கிரெடிட், முழுவதும் ஏற்கப்பட்டது. பகுதி இரண்டு ஆங்கிலம், அதுவும் நான்கு தாள்: பூஜ்யம். கட்டுரை எழுதச் சொல்லித்தரும் ஆங்கிலப் பாடம் இரண்டையும் முதலிலிருந்து படிக்க வேண்டுமாம். எல்.கே.ஜி. முதல் இங்கிலீஷ் மீடியம் என்று சொல்லிப் பார்த்தேன். கவுண்டரில் இருந்தவர் பரிவோடு தலையாட்டினார், அவ்வளவுதான்.

கணிதத்தில் நுண்கணிதம் மட்டும் தப்பித்தது. மற்றதெல்லாம் 'பொது எலெக்டிவ்', அதாவது பொதுவான விருப்பப் பாடம். இந்த எலெக்டிவ் என்பது கல்யாண வீட்டில் வந்து குவியும் சுவர்க் கடிகாரம் மாதிரி. எண்ணிக்கையில் சேரும், வேண்டாம் என்றும் சொல்ல முடியாது, ஆனால் மாட்டுவதற்குச் சுவர் இருக்காது. பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் ஒன்றைக்கூட அது குறைக்காது.

மொத்தம் 92 கிரெடிட் கொண்டுவந்தேன், 54 கிடைத்தது. என் கதை ஒன்றும் அபூர்வம் இல்லை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டை இழந்தார்கள் என்று அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2017-இல் ஓர் அறிக்கையில் மதிப்பிட்டிருக்கிறது. உள்நாட்டுக்குள்ளேயே மாறினவர்களுக்கு அந்தக் கதி. அப்பா அங்கேயே மனக்கணக்குப் போட்டு, "உனக்கு 41 சதவீதம்தான். சராசரியை விடப் பரவாயில்லை" என்றார். அது ஆறுதலா கிண்டலா என்று இன்றுவரை தெரியாது.

பாதிப் படிப்பில் ஏன் கிளம்பினாய் என்று கேட்பவர்களுக்கு: அத்தை அப்பாவுக்காகப் போட்ட கிரீன் கார்டு விண்ணப்பம் பதின்மூன்று வருடத்துக்கு மேல் தூங்கிவிட்டு, எனக்கு 20 வயது நடக்கும்போது விழித்துக்கொண்டது. 21 தாண்டிவிட்டால் பிள்ளை என்ற கணக்கிலிருந்து நான் விழுந்துவிடுவேனோ என்று வீட்டில் பயம். மூன்றாம் வருடப் புத்தகம் வாங்குவதற்குப் பதிலாகப் பெட்டி வாங்கினோம்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே அட்வைசர் அம்மா சிரித்துக்கொண்டே, "அடுத்து எங்கே டிரான்ஸ்ஃபர் ஆகப் போகிறாய்?" என்று கேட்டபோது வயிற்றைக் கலக்கிவிட்டது. நமக்கு அந்தச் சொல் கேட்டால் ஞாபகம் வருவது டி.சி.தானே. 'அப்பாவைக் கூட்டிட்டு வா, டி.சி.யைக் கிழிச்சுக் கொடுத்துடுறேன்' என்பதைக் கேட்காமல் யார் பள்ளி முடித்தோம்? நான் என்ன தப்பு செய்தேன் என்று விழித்தேன். இங்கே அது சாதாரணம். இரண்டு வருடம் மலிவாகக் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது நிறையப் பேர் போகிற வழி.

அந்த அம்மாதான் உருப்படியான ஒரு விஷயத்தையும் சொன்னார். பாதியில் மாறாதே, இரண்டு வருடப் பட்டத்தை முடித்துக் கையில் வைத்துக்கொண்டு மாறு. நியூ ஜெர்சியில் 2008 முதல் ஓர் ஒப்பந்தம் உண்டு. அந்தப் பட்டத்தோடு போனால், மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்கள் அதை நான்கு வருடப் படிப்பின் பாதியாக மொத்தமாக ஏற்கும். இல்லையென்றால் பாடம் பாடமாகப் பிரித்து மறுபடியும் முதலிலிருந்து பஞ்சாயத்து. மார்க் மட்டும் எப்படிப் போனாலும் கூட வராது. கிரெடிட் நகரும், ஜிபிஏ என்கிற மதிப்பெண் சராசரி புது இடத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பகுப்பாய்வு என்ற கணிதத் தாளில் நான் வாங்கிய 92 மார்க்கை ஊரில் பெரியம்மா தெருவுக்கே சொல்லியிருந்தார். இங்கே அதைக் கேட்பார் இல்லை.

சரி, இந்த கிரெடிட் என்கிற அளவு எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கோபத்தில் தேடினேன். வாரம் ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி வீட்டு வேலை, இப்படிப் பதினைந்து வாரம், அது ஒரு கிரெடிட். 1905-இல் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். அந்த நிதியில் சேர வேண்டுமானால், மாணவர்களின் பள்ளிப் படிப்பை மணிக்கணக்கில் அளந்துதான் கல்லூரி சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த அளவுகோல் அப்புறம் கல்லூரிப் பாடங்களுக்கும் தொற்றிக்கொண்டது. அப்பாவிடம் சொன்னேன். மாதாமாதம் பென்சன் வந்துவிட்டதா என்று இங்கிருந்தபடியே வங்கிக் கணக்கைப் பார்க்கிற மனிதர். "வாத்தியார் பென்சன்னா சும்மாவா?" என்றார், ஏதோ தானே கொண்டுவந்த திட்டம் போல.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த 12 கிரெடிட்டில்தான்.

ஒவ்வொரு தாளுக்கும் சிலபஸ் கேட்டிருந்தார்கள். பெஞ்ச் கூட்டாளி எனக்காகத் தேர்வுப் பிரிவுக்கு நான்கு முறை நடந்தான். சலான் கட்டு, நாளைக்கு வா, சாப்பாட்டு நேரம், சார் லீவு. டிரான்ஸ்கிரிப்ட் முத்திரை போட்ட உறையில் நேராகப் போய்ச் சேர்ந்தது. சிலபஸை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினான். தமிழ் சிலபஸ் தமிழில் இருந்தது. அதற்கு நானே மொழிபெயர்ப்பு எழுதித் தந்தால் போதும் என்றார்கள்.

உட்கார்ந்தேன். சங்க இலக்கியம், பக்தி இலக்கியம், சிறுகதை வரை சமாளித்தேன். 'வல்லினம் மிகும் இடங்கள்' வந்தது. அடுத்த வரி, 'வல்லினம் மிகா இடங்கள்'. ஆகுபெயர். இதையெல்லாம் ஓர் ஆங்கில வாக்கியத்தில் எப்படிச் சொல்வது? இரவு ஒரு மணி, வெளியே பனி கொட்டுகிறது, ஒற்று எங்கே மிகும் என்று முன்பின் தெரியாத ஓர் அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குத் தமிழ் வகுப்பு மதியம் முதல் மணி. கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்று பிரிவையும் ஒரே அறையில் அடைப்பார்கள். தயிர்சாதம் கண்ணைச் சொருகும், மின்விசிறி டக் டக்கென்று சுற்றும். நான் கடைசி பெஞ்சில் தமிழ் நோட்டுக்கு அடியில் பகுப்பாய்வு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் தமிழய்யா பிடித்துவிட்டார். திட்டவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "போடுப்பா, அதான் சோறு போடும்" என்று நகர்ந்துவிட்டார்.

அந்தப் பகுப்பாய்வுதான் இங்கே சுவர்க் கடிகாரம் ஆனது.

விடவில்லை. நேரியல் இயற்கணிதத்துக்கு மட்டும் மேல்முறையீடு செய்தேன். கணிதத் துறைத் தலைவர் எங்கள் வினாத்தாளை, 75 மார்க், மூன்று மணி நேரம், நிதானமாகப் பார்த்துவிட்டு, "இதில் எத்தனை நிறுவல் மனப்பாடம்?" என்றார். சுருக்கென்றது. பாதி என்றேன். சிரித்துவிட்டு, அங்கேயே பலகையில் இரண்டு கணக்கு எழுதினார். போட்டேன். கையெழுத்து விழுந்தது. ஒரு கடிகாரத்துக்கு மட்டும் சுவர் கிடைத்தது.

இப்போதெல்லாம் பழகிவிட்டது. பட்டத்தை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கும் மாறியாயிற்று. வகுப்பில் காபி குடிக்கிறேன், பேராசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கிறேன், அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பதில்லை. (முதல் வாரம் நின்றேன். நான் வெளியே போகப் போகிறேன் என்று நினைத்து அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.) ஆனால் மதிய வகுப்பில் கண் சொருகும்போது மட்டும் அந்த மின்விசிறியின் டக் டக் கேட்கிறது. இங்கே மின்விசிறியே கிடையாது.

போன வாரம் பட்டத் தேவைகளின் பட்டியலைத் திரையில் காட்டினேன். அயல்மொழி என்ற வரிக்கு நேராகப் பச்சை டிக். அப்பா இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் எட்டிப் பார்த்து, "எல்லாம் சரி, தமிழ்ல அரியர் ஒண்ணும் நிக்கலையே?" என்றாள்.

தமிழய்யாவின் நம்பரைக் கூட்டாளி அனுப்பியிருக்கிறான். அழைத்தால் முதலில் "சாப்பிட்டியாப்பா?" என்றுதான் கேட்பார். அது தெரிந்தே நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன்.