ஸ்டீவ் கெர் வாங்கிய குத்து

1995-இல், சீசன் தொடங்கும் முன் நடந்த பயிற்சியில், அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டன் தன் சொந்த அணிக்காரரான ஸ்டீவ் கெரை முகத்தில் குத்தினார். பயிற்சியில் எல்லோரையும் சீண்டிக்கொண்டே இருப்பது ஜோர்டனின் வழக்கம். அன்று கெர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. பதிலுக்குப் பேசினார், கைகலப்பானது, வீங்கிய கண்ணோடு வீட்டுக்குப் போனார். பயிற்சியாளர் பில் ஜாக்சன் ஜோர்டனை மைதானத்தை விட்டு வெளியே அனுப்பினார். அன்றைக்கே ஜோர்டன் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகுதான் தங்களுக்குள் உறவு சீரானது என்று கெர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த சீசனில் அவர்கள் அணியான சிகாகோ புல்ஸ் 82 ஆட்டங்களில் 72-ஐ வென்றது. அடுத்த ஆண்டு, 1997 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், யூட்டா ஜாஸுக்கு எதிராக. 86-86 என்று சமநிலை. டைம்-அவுட்டில் ஜோர்டன் கெரிடம் தயாராக இருக்கச் சொன்னார். அவர் எதிர்பார்த்தபடியே ஜாஸின் ஸ்டாக்டன் கெரை விட்டுவிட்டு ஜோர்டனை மறிக்க ஓடினார், ஜோர்டன் பந்தைக் கெருக்குத் தள்ளினார், கெர் போட்டார், கோப்பை சிகாகோவுக்கு.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். 2022 அக்டோபரில் அதே கெர் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் பயிற்சியாளர். அவர் கண்முன்னே வளர்ந்த டிரேமண்ட் கிரீன், பயிற்சியின்போது இளம் ஆட்டக்காரர் ஜோர்டன் பூலைக் குத்திவிட்டார். இதன் வீடியோ வெளியே கசிந்து உலகமே பார்த்தது. கிரீனுக்கு அபராதம், சில நாள் ஒதுங்கல், அப்புறம் முதல் ஆட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டார். முந்தைய கோடையில் சாம்பியனான அணி அந்த சீசனில் வெளியூர் ஆட்டங்கள் 41-இல் 11-ஐத்தான் வென்றது. பிளே-ஆஃபில் லேக்கர்ஸிடம் தோற்று வெளியேறிய பிறகு, அந்தச் சம்பவம் அணிக்குள் நம்பிக்கையைக் குலைத்ததைக் கெர் மறைக்கவில்லை. சில வாரங்களில் பூல் வாஷிங்டனுக்கு மாற்றப்பட்டார். கிரீனுக்கு நான்கு ஆண்டு புது ஒப்பந்தம் கிடைத்தது.

இரண்டும் குத்துதான். ஒன்றை ஜாம்பவானின் வீரக்கதையாகச் சொல்கிறோம், இன்னொன்றை ஒரு அணி உடைந்த கதையாக.

சென்னையில் அமெரிக்க கிளையன்ட்டுக்கு ப்ரொடக்‌ஷன் சப்போர்ட் பார்க்கும் அணியை நடத்துவது என் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து கேபில் ஏறும் நேரத்தில் அங்கே என்.பி.ஏ. என்கிற அந்தக் கூடைப்பந்து லீக்கின் ஆட்டங்கள் தொடங்கியிருக்கும். தூக்கக் கலக்கத்தோடு போனில் ஆட்டம் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கல்லூரியில் நானும் ஆடியிருக்கிறேன். ஆடினேன் என்பதைவிட, ஜெர்சி போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் சரி. அதனாலோ என்னவோ, நட்சத்திரங்களை நான் எப்போதும் கெர் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

ஆபீசில் ஜோர்டன் கதையை எடுத்துவிடுகிற மேனேஜர்கள் உண்டு. "ஜோர்டன் திட்டித்தான் ஜெயிச்சார்" என்பார்கள். அவர்கள் கதையில் குத்து மட்டும் இருக்கும், அன்று மாலை வந்த போன் இருக்காது. 1997-இல் கடைசிப் பந்தைக் கொடுத்ததும் இருக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: புல்ஸ் அந்த ஆண்டு தோற்றிருந்தால் கெரின் வீங்கிய கண்ணை வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். வென்றவர்களின் கோபத்துக்கு வரலாறு எப்போதும் சலுகை விலை போடுகிறது. அந்தக் குத்தினால்தான் 72 வெற்றி வந்தது என்று நான் நம்பத் தயாரில்லை. குத்தையும் மீறி வந்தது என்றுதான் படுகிறது.

எங்கள் அணியில் ஒரு டேட்டாபேஸ் ஆள் இருந்தார். பெயர் வேண்டாம். இரவு இரண்டு மணிக்கு கிளையன்ட்டின் பில்லிங் சிஸ்டம் படுத்துவிட்டால், பிரச்சினையைத் தீர்க்க எல்லோரும் சேரும் பிரிட்ஜ் காலில் இருபது பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் அமைதியாக லாக் பார்த்துவிட்டு, "அந்த ஜாப்பை நிறுத்துங்க, இண்டெக்ஸ் போயிருக்கு" என்பார். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வாய்தான் பிரச்சினை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமைச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் அவர் எழுதும் கமென்ட்டைப் படித்துவிட்டு ரெஸ்ட்ரூமில் போய் அழுதவர்கள் உண்டு. "இதுகூடத் தெரியாம எப்படி இன்டர்வியூ தாண்டி வந்தீங்க?" என்பது அவருடைய சாதாரண வாக்கியம்.

முதலில் அவர் அனுபவசாலிகள் நிறைந்த அணியில் இருந்தார். அங்கே அவரை எல்லோருக்கும் பிடிக்கும். அவர் திட்டுவார், அவர்களும் திருப்பித் திட்டுவார்கள், டீ குடிக்கப் போவார்கள். பிறகு நிர்வாகம் அவரை ஃபிரெஷர்கள் அதிகம் இருந்த புது அணிக்குத் தலைமையாக அனுப்பியது. சில மாதங்களிலேயே இடமாற்றம் கேட்டு மெயில்கள் வரத் தொடங்கின. எச்.ஆர். என்னைக் கூப்பிட்டு, "அவர் லீடரா, இல்ல டாக்ஸிக்கா?" என்று ஒரே வரியில் பதில் கேட்டது. இரண்டில் ஒன்றை டிக் செய்ய வேண்டுமாம்.

அப்போது எனக்கு ஜிம்மி பட்லர்தான் ஞாபகம் வந்தார். 2018 அக்டோபரில், மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸை விட்டுப் போக வேண்டும் என்று கேட்டிருந்த நேரத்தில், பயிற்சிக்கு வந்தார். மூன்றாம் வரிசை ஆட்டக்காரர்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு முதல் வரிசை அணியைத் தோற்கடித்தார், நிர்வாகத்தையும் இளம் நட்சத்திரங்களையும் பார்த்துக் கத்தினார், அன்றே தொலைக்காட்சிப் பேட்டியும் கொடுத்தார். அந்த அணியின் கார்ல்-அந்தோனி டவுன்ஸும் ஆண்ட்ரூ விக்கின்ஸும், அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டவர்கள், பெரிய ஒப்பந்தம் பெற்றவர்கள். பட்லரோ முப்பதாவதாக எடுக்கப்பட்டு, ஏறிவந்தவர். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அடுத்த மாதமே பிலடெல்பியாவுக்கு அனுப்பப்பட்டார்.

அதே பட்லர் மயாமி ஹீட்டுக்குப் போய் 2020-இலும் 2023-இலும் அணியை இறுதித் தொடர்வரை கூட்டிப்போனார். அங்கே பேட் ரைலி, எரிக் ஸ்போல்ஸ்ட்ரா என்று மேலிருப்பவர்களே கண்டிப்புக்குப் பேர் போனவர்கள். உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்து பார்க்கிற அணி அது. அங்கே பட்லரின் கடுமை ஊரோடு ஒத்துப்போனது. மினசோட்டாவில் அது தனி மனிதனின் படையெடுப்பு. அப்புறம் மயாமியிலும் கசந்து, இடைநீக்கங்கள் வந்து, 2025 பிப்ரவரியில் வாரியர்ஸுக்குப் போனார் என்பது வேறு. ஒரே மனிதர், ஒரே வாய், இடத்துக்கு ஒரு பெயர்.

எச்.ஆரிடம் இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கூடைப்பந்தில் ஆர்வம் இல்லை. "அவரைப் பழைய அணிக்கே அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதினேன். செய்யவில்லை. பதவி உயர்வு கொடுத்தவரை எப்படிக் கீழே அனுப்புவது என்றார்கள்.

கடுமைதான் தலைமைக்கு வழி என்று நினைக்கிறவர்களிடம் நான் டிம் டங்கனைப் பற்றிச் சொல்வேன். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், ஐந்து கோப்பைகள், 1999 முதல் 2014 வரை. முகத்தில் உணர்ச்சியே தெரியாது. விளம்பரங்களில் அதிகம் பார்க்க முடியாது. ஆனால் பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச் பெரிய ஆட்டக்காரர் சின்ன ஆட்டக்காரர் பார்க்காமல் திட்டுகிறவர், டங்கனுக்கும் விழும். டங்கன் கேட்டுக்கொண்டு நிற்பார். அணியின் முதல் நட்சத்திரமே திட்டு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, பன்னிரண்டாவது ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா? 2012-இல் சம்பளத்தை பாதிக்கும் கீழே, சுமார் 21 மில்லியன் டாலரிலிருந்து 10 மில்லியனுக்கும் குறைவாக, அவர் குறைத்துக்கொண்டார். அதனால் சம்பள வரம்புக்குள் மற்றவர்களைத் தக்கவைக்க அணிக்கு இடம் கிடைத்தது. ஒரு வார்த்தை பேசாமல் இதைவிடப் பெரிதாக ஒருவர் என்ன பேசிவிட முடியும்?

எங்கள் டேட்டாபேஸ் ஆளிடம் நான் உற்றுப் பார்த்ததும் இதைத்தான். மற்றவர்களைத் திட்டுகிறாரே, இவரை யாராவது திட்டினால் என்ன செய்கிறார்? ஒருமுறை அவரே போட்ட ஸ்கிரிப்டால் ஒரு டேபிள் லாக் ஆகி, கிளையன்ட் பக்கம் ஒரு மணி நேரத்துக்கு எல்லாம் நின்றது. அந்தப் பக்கத்து மேனேஜர் வாங்கு வாங்கென்று வாங்கினார். நம் ஆள், "என் தப்புதான், ரூட் காஸ் இன்னைக்கே அனுப்பறேன்" என்றார். சொன்னபடி பிழையின் மூலகாரணத்தை விளக்கும் ரிப்போர்ட்டை அனுப்பினார், அதில் தன் பெயரைத் தானே போட்டார். ஜூனியர் ஒருவன் செய்த பிழையாக இருந்தால் அந்தப் பெயரைப் போட மாட்டார், "டீம்" என்றுதான் எழுதுவார். இதை அவர் அணியில் பாதிப்பேர் கவனித்ததே இல்லை. அந்த ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்கள்!

ஸ்காட்டி பிப்பென் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஜோர்டன் பேஸ்பால் ஆடப் போயிருந்த 1993-94 சீசனில், பிப்பென் முன்னின்று புல்ஸுக்கு 55 வெற்றிகள் வாங்கிக் கொடுத்தார். ஜோர்டனைப் போல மிரட்டுகிறவர் இல்லை, சக ஆட்டக்காரர்களைத் தட்டிக்கொடுக்கிறவர். அந்த மனிதர்தான் 1994 மே மாதம் நியூயார்க் நிக்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், 1.8 விநாடி மீதமிருக்க, கடைசிப் பந்தைச் சக ஆட்டக்காரர் டோனி குகோச்சுக்கு என்று ஜாக்சன் திட்டம் போட்டதும், களத்துக்குள் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். குகோச் போட்டார், புல்ஸ் வென்றது. உடை மாற்றும் அறையில் மூத்த ஆட்டக்காரர் பில் கார்ட்ரைட் கண்ணீரோடு பிப்பெனிடம் பேசினார். அவரது சம்பளக் குறை, நிர்வாகத்தோடு இருந்த கசப்பு எல்லாம் பின்னணியில் இருந்தது உண்மை. ஆனாலும் அணி அவரை ஒதுக்கவில்லை. அத்தனை மாதங்கள் அவர் சேர்த்து வைத்திருந்த நல்லெண்ணம் அந்த ஒரு நாளைத் தாங்கியது. கெட்ட நாள் எல்லாருக்கும் வரும். அது தொடர்கதையா, ஒற்றைச் சம்பவமா என்பது பெஞ்சில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும்.

மேலே இருப்பவர்களுக்கும் வெளியே இருப்பவர்களுக்கும் அது தெரியாது. 2010 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாண்டை விட்டு மயாமிக்குப் போவதை நேரலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிவித்தார். ராஜினாமாக் கடிதத்தை டவுன்ஹால் மேடை ஏறி வாசித்த மாதிரி. ஊர்க்காரர்கள் அவர் ஜெர்சியைத் தெருவில் போட்டு எரித்தார்கள், அணி உரிமையாளர் பகிரங்கமாகக் காட்டமான கடிதம் எழுதினார். பல ஆண்டுகளுக்கு லீக்கில் அவரைவிட அதிகம் வெறுக்கப்பட்டவர் யாரும் இல்லை. ஆனால் கூட ஆடியவர்கள் பலர் சொல்வது, அவர் பாஸ் கொடுக்கிறவர் என்பதைத்தான். 2014-இல் திரும்பிப் போய், 2016 இறுதித் தொடரில் 3-1 என்று பின்தங்கிய நிலையிலிருந்து கிளீவ்லாண்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்ததும் அதே ஊர் தெருவில் இறங்கி ஆடியது.

இதற்கெல்லாம் மூத்தவர் பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல். 13 சீசன்களில் 11 கோப்பை, கடைசி இரண்டு பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் இருந்தே வாங்கியவை. என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். சக ஆட்டக்காரர்கள் அவருக்காக உயிரை விடுவார்கள். அவர் ஆடிய பாஸ்டன் பகுதியில்தான் அவர் வீட்டுக்குள் புகுந்து சுவரில் இனவெறி வசைகளை எழுதிவிட்டுப் போனார்கள். ரஸ்ஸல் ஆட்டோகிராஃப் போட மாட்டார், ரசிகர்களைப் பார்த்து இளிக்க மாட்டார். 1972-இல் அவரது 6-ஆம் எண் ஜெர்சியை அரங்கின் கூரையில் ஏற்றிய நிகழ்ச்சியை ரசிகர்கள் உள்ளே வரும் முன்பே முடித்துவிடச் சொன்னார். அந்த ஊரில் பலர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். அது அவர் குணத்தைப் பற்றிய தகவலா, அந்த ஊரைப் பற்றிய தகவலா? ஒருவரை "பிரச்சினைக்காரர்" என்று யார் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்கு எனக்கு ரஸ்ஸல் போதும்.

எச்.ஆரின் டிக் பெட்டிக்கு வருகிறேன். அதை நிரப்பும் முன், அந்த அணியின் ஃபிரெஷர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். மேனேஜர்களிடம் கேட்டால் அவரது ரேட்டிங்கைத்தான் சொல்வார்கள்.

ஒரு பெண், சேர்ந்து ஓராண்டு ஆகியிருக்கும், யோசிக்காமல் சொன்னாள்: "திட்டுவார் சார். ஆனா நான் 'ஏன்'னு திருப்பிக் கேட்டா உக்காந்து சொல்லிக் குடுப்பார். முதல் தடவை கேட்கத்தான் பயமா இருந்துச்சு."

இன்னொரு பையன் வெகுநேரம் பேசவில்லை. பிரிட்ஜ் காலில், கிளையன்ட் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த "இன்டர்வியூ தாண்டி வந்தீங்க" வாக்கியத்தை இவன் வாங்கியிருக்கிறான். மறுநாள் அவர் ஒன்றுமே நடக்காதது போல வந்து, "சாப்டியா?" என்று கேட்டிருக்கிறார். "அது மன்னிப்பா சார், இல்ல மறதியா? எனக்குத் தெரியல" என்றான். ஜோர்டன் போனில் கேட்டதைப் போல அவர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் இவன் ஒருவேளை சமாதானமாகியிருப்பான். பூலைப் போல, இவனைத் திட்டியதையும் இருபது பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோர் முன்னாலும் நடந்ததற்கு "சாப்டியா" எப்படிப் போதும்?

படிவத்தில் இரண்டு பெட்டியையும் டிக் செய்து அனுப்பினேன். சிஸ்டம் ஏற்கவில்லை, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமாம். கமென்ட் பகுதியில், இனி பிரிட்ஜ் காலில் ஃபிரெஷர்களோடு அவர் நேரடியாகப் பேச வேண்டாம், என் வழியாகப் பேசட்டும் என்று எழுதிவிட்டு, பெட்டியைக் காலியாக விட்டேன்.

அடுத்த ஆண்டு அவர் வேறு நிறுவனத்துக்குப் போனார். அந்தப் பெண் இரண்டு மாதத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டு அவர் அணியிலேயே போய்ச் சேர்ந்தாள். பையன் இங்கேதான் இருக்கிறான், இப்போது அவனுக்குக் கீழே நாலு பேர். பழைய ஆட்கள் கேன்டீனில் அந்த மனிதரின் சாகசங்களைப் பேசத் தொடங்கினால், தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவான்.