சருகுக் கள்ளனும் புற்றுக் கள்ளனும்

ஐப்பசி மழை தொடங்கினால் களுவாஞ்சிகுடிப் பக்கம் மைமலில் விறாந்தை லைட்டைப் போட்டதும் பழுப்பாய் ஒன்று தத்தித் தத்தி உள்ளே வரும். "வௌவால் குஞ்சுகா!" என்று மாமிமார் விளக்குமாறு தூக்குவார்கள். அது மெலனிடிஸ் லெடா என்கிற வண்ணாத்திப்பூச்சி. பகலெல்லாம் மரநிழலில் சருகோடு சருகாய்க் கிடக்கும். கோடையில் பிறந்ததற்கு இறகின் அடிப்பக்கம் வெறும் காய்ந்த இலை நிறம். மாரியில் பிறந்ததற்கு அங்கே கண் கண்ணாய்ப் பொட்டு. அம்பாறை வயலில் நெல்லோலை தின்னும் இரட்டைக் கொம்புப் பச்சைப் புழு இதன் பிள்ளைதான். ஆகவே வயல்காரரிடம் இதன் அழகைப் பேசப் போகாதீர்கள்.

கிட்டப் பார்க்க ஆசையா? கறுத்துக் கனிந்த வாழைப்பழம் இரண்டைப் பிசைந்து, ஒரு கரண்டி சீனியும் கொஞ்சம் கள்ளும் விட்டு ஒரு நாள் மூடி வையுங்கள். மறுகா பின்னேரம் மாமர நிழலில் தட்டில் வைக்கலாம். வெயிலில் வைத்தால் காய்ந்து மணம் போய்விடும். தட்டைச் சுற்றித் தண்ணீர் இல்லாவிட்டால் எறும்புதான் முதல் பந்தி. மிச்சக் கள்ளை மச்சான்மாரிடம் காவலுக்குக் கொடுப்பதும் புத்தியில்லை.

இந்த வேஷமெல்லாம் கறையான் புற்றுக்குள் செல்லாது. வேலைக்காரக் கறையானுக்குக் கண் தெரியாது. உடம்பின் மேல்மெழுகு மணத்தை மீசையால் தடவித்தான் ஆள் பிடிக்கும். அங்கே குடியிருக்கும் டெர்மிடோடிஸ்கஸ் வண்டு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். கவிழ்த்த சட்டி மாதிரி உடம்பு. தலை, மீசை, கால் எல்லாம் அடியில். கடிக்க வந்தால் பல் வழுக்கும்.

மண்ணெண்ணெய் ஊற்றிய புற்றில் இதைத் தேட வேண்டாம். வீட்டு அத்திவாரம் வெட்டும்போது புற்று உடைந்தால், முதலில் பாம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கறையான் தன் தீனிக்கு உள்ளே வளர்க்கும் ஓட்டை ஓட்டையான பழுப்புப் பூஞ்சணக் கட்டியை எடுத்து நிழலில் வெள்ளைக் கோப்பையில் உடையுங்கள். டோர்ச்சைப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அசையாத வெள்ளைப் பொட்டு பூஞ்சணம். சறுக்கி ஓடிச் சட்டென நிற்கும் பழுப்புப் பொட்டுத்தான் வண்டு. ஊதினீர்களோ, போச்சு. வெயில் பட்டாலும் கட்டி காய, வண்டு வெடிப்புக்குள் இறங்கிவிடும். நாகதம்பிரான் புற்றில் மட்டும் கை வைக்காதீர்கள், ஊரே கூடிவிடும்.

வேஷத்தில் பெரிய கை அவுஸ்திரேலியாவில். 2023இல் பெயர் வைக்கப்பட்ட ஆஸ்ட்ரோஸ்பிராக்தா கரிஜோய் என்ற வண்டு, வயிற்றை ஊதித் தலைக்கு மேலால் மடித்து முதுகில் பொம்மைக் கறையானையே சுமக்கிறது. மீசையும் காலும் போலச் சதைமுளைகள்கூட உண்டு. குருட்டுக் கறையான் எந்தப் பக்கம் தடவினாலும் "நம்மட ஆள்தான்" என்று போய்விட வேண்டியதுதான்.