விடை சரி, வழி தவறு

விடைத்தாள் திருத்தித் திருத்திப் பழகிய கைக்கு ஒரு வேகம் வந்துவிடும். முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்தாலே போதும், நடுவில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடலாம் என்ற இறுமாப்பும் அதனோடு சேர்ந்தே வரும். கணித ஆசிரியராகப் பல ஆண்டுகள் கழித்த பிறகு, அந்த இறுமாப்பை ஒரு மாணவியின் விடைத்தாளில் இருந்த நான்கு வரிகள் கலைத்துப் போட்டன.

நான் கொடுத்திருந்த கணக்கு இது: (யா − 1)(8 − யா) = 6. தெரியாத எண்ணை 'யா' என்று குறிப்பது என் கண்டுபிடிப்பு அன்று. 12ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் பாஸ்கரர் அதை 'யாவத்-தாவத்' என்று சொல்லி, 'யா' என்று சுருக்கித்தான் எழுதினார். வகுப்பில் வேறு எழுத்து வழங்கினாலும் இங்கே அவர் வழியிலேயே எழுதுகிறேன். அந்த மாணவி யா − 1 = 6 என்றும் 8 − யா = 6 என்றும் தனித்தனியே எழுதி, 7, 2 என்ற இரு விடைகளை எடுத்து, அவற்றைக் கட்டமிட்டுக் காட்டியிருந்தாள். இரண்டும் சரியான விடைகள். முறைப்படி அடைப்புக்குறிகளை நீக்கினால் யா² − 9யா + 14 = 0 கிடைக்கும்; அது (யா − 7)(யா − 2) = 0 என்று காரணிப்படும்; விடைகள் அதே 7, 2. ஆனால் அவள் போன வழி முழுக்கத் தவறு.

நான் முழு மதிப்பெண்ணையும் குறைத்திருந்தேன். தாளைக் கையில் வாங்கியவள் இடத்திலேயே ஒருமுறை விடைகளைப் பிரதியிட்டுப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்து, "சார், விடை சரியாகத்தானே வந்திருக்கிறது? அப்புறம் எப்படி வழி தவறாகும்?" என்று கேட்டாள். குறும்புக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். "அப்படிச் செய்யக் கூடாதம்மா" என்பதைத் தவிர அந்த நிமிடத்தில் என்னிடம் பதில் இல்லை. அது பதிலே அன்று என்பது அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

அன்று மாலை உட்கார்ந்து பார்த்தபோதுதான் தவறு என்னுடையதாகவும் இருந்தது புரிந்தது. யா − 1, 8 − யா என்ற இரண்டையும் கூட்டினால் யா எதுவாக இருந்தாலும் 7 வரும். ஆகவே ஒரு காரணி 6 ஆனால் மற்றது தானாகவே 1 ஆகிவிடும்; 6 × 1 = 6 என்பதால் அவள் வழி தற்செயலாகத் தப்பிவிட்டது. மனம்போன போக்கில் நான் எழுதிய எண்கள் அவளுக்குப் பொய்ச்சாட்சி சொல்லியிருந்தன. மறுநாள் வலப்பக்கத்தில் இருந்த 6ஐ மட்டும் 10 ஆக்கி அவளிடம் கொடுத்தேன். அவள் முறைப்படி 11, −2 என்று வந்தது; 11ஐப் பிரதியிட்டால் 10 × (−3) = −30. அவள் நெடுநேரம் அந்த −30ஐயே பார்த்துக்கொண்டிருந்தாள். சரியான விடைகள் 3, 6 என்று நான் சொன்னதைவிட அந்த ஓர் எண் அவளிடம் அதிகம் பேசியிருக்க வேண்டும்.

காரணிப்படுத்துவதை நான் அதுவரை ஓர் எண் விளையாட்டாகவே நடத்திவந்திருக்கிறேன்: பெருக்கினால் இது, கூட்டினால் அது, எந்த இரண்டு எண்கள்? பிள்ளைகள் அதில் தேர்ந்துவிடுவார்கள். ஆனால் எதற்காகக் காரணிப்படுத்துகிறோம், எதற்காக வலப்பக்கத்தில் பூச்சியத்தைக் கொண்டுவருகிறோம் என்று கேட்டால், பாதிப் பேர் அது விதி என்பார்கள். இரண்டு எண்களின் பெருக்கற்பலன் 6 என்றால் அவற்றைப் பற்றி நமக்கு எதுவும் உறுதியாகத் தெரியாது. 1, 6 ஆகலாம், 2, 3 ஆகலாம், 12, அரை ஆகலாம், −2, −3 கூட ஆகலாம். பெருக்கற்பலன் பூச்சியம் என்றால் மட்டுமே, இரண்டில் ஒன்றாவது பூச்சியமாகத்தான் இருந்தாக வேண்டும் என்று அடித்துச் சொல்ல முடியும். இந்த வேலையைச் செய்யும் எண் வேறு எதுவும் இல்லை. இருபடிச் சமன்பாட்டை இரண்டு ஒருபடிச் சமன்பாடுகளாகப் பிளப்பது காரணிகள் அல்ல, பூச்சியம்தான். காரணிகள் அதற்குப் பாதை போட்டுக் கொடுக்கின்றன. (யா² = 5யா என்பதில் இருபுறமும் யாவால் வகுத்து, பூச்சியம் என்ற மூலத்தைத் தொலைத்துவிட்டு 5ஐ மட்டும் எழுதி வருகிறவர்களின் சிக்கலும் இதே இடத்தில் வேர்விட்டதுதான்.)

நடு உறுப்பைப் பிரிக்கும் முறையிலும் எனக்கு இப்படி ஒரு கடன் இருந்தது. 6யா² + 7யா − 20 என்பதைக் காரணிப்படுத்த, 6ஐயும் −20ஐயும் பெருக்கி −120 ஆக்கி, பெருக்கினால் −120ம் கூட்டினால் 7ம் வரும் 15, −8 என்ற எண்களைக் கண்டுபிடித்து, 6யா² + 15யா − 8யா − 20 என்று எழுதினால், 3யா(2யா + 5) − 4(2யா + 5) என்று தொகுத்து (3யா − 4)(2யா + 5) என முடிக்கலாம். முதற்கெழுவையும் மாறிலியையும் எதற்காகப் பெருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்காமலேயே பல ஆண்டுகள் நடத்தியும் விட்டேன். காரணம் எளிது. விடையிலிருந்து பின்னோக்கிப் பெருக்கினால் நடு உறுப்பு இரண்டு துண்டுகளால் ஆனது: 3 × 5 = 15, −4 × 2 = −8. இந்த இரு துண்டுகளுக்குள் 3, 5, −4, 2 என்ற நான்கு எண்களும் இருக்கின்றன. அதே நான்கையும் வேறு விதமாகச் சேர்த்தால் 3 × 2 = 6 முதற்கெழு, 5 × (−4) = −20 மாறிலி. நான்கையும் எப்படிச் சேர்த்துப் பெருக்கினாலும் −120 வந்துதான் தீரும். இதைப் பலகையில் நான்கு எண்களுக்கும் கோடு போட்டுக் காட்ட இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நான் ஏன் அவ்வளவு காலம் செலவிடவில்லை என்பதற்கு இன்றும் என்னிடம் நல்ல விளக்கம் இல்லை.

அதே வகுப்பில் ஒரு பையன் எல்லா இருபடிக் கோவைகளையும் காரணிப்படுத்த முடியுமா என்று கேட்டபோது, நான் பதில் சொல்லாமல் எண்ணிப் பார்க்கச் சொன்னேன். யா² + பயா + ம என்ற வடிவில், 'ப', 'ம' ஆகிய இரண்டும் 1 முதல் 10 வரையுள்ள முழு எண்கள் என்றால் மொத்தம் 100 கோவைகள். முழு எண்களால் காரணிப்படுபவை எத்தனை? எங்களுக்குக் கிடைத்தது 14. நூற்றில் பதினான்கு! பாடநூலில் பக்கம் பக்கமாக வரும் கணக்குகளெல்லாம் பொறுக்கி எடுத்து வைத்தவை என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. யா² + 5யா + 6க்குப் பக்கத்திலேயே யா² + 5யா + 5ம் யா² + 5யா + 7ம் இருக்கின்றன. அவற்றை யாரும் பயிற்சியில் கொடுப்பதில்லை.

அவற்றுக்கும் சேர்த்து ஒரே வழி வேண்டுமென்றால், கூடுதலின் பாதியிலிருந்து தொடங்குவதை நான் விரும்புகிறேன். கூட்டினால் 9 வரும் இரண்டு எண்கள், 4.5க்கு இருபுறமும் சம தொலைவில்தான் நிற்க முடியும். அந்தத் தொலைவின் வர்க்கத்தை 4.5இன் வர்க்கமான 20.25லிருந்து கழித்தால் பெருக்கற்பலன். அது 14 என்றால் வர்க்கம் 6.25, தொலைவு 2.5, எண்கள் 7, 2. ஊகிக்க வேண்டிய வேலையே இல்லை. பாபிலோனியக் களிமண் பலகைகளில் ஏறக்குறைய நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருக்கும் இந்த உத்தியை, 2019இல் போ-ஷென் லோ என்ற கணிதப் பேராசிரியர் வகுப்பறைக்கு ஏற்ற வடிவில் மீண்டும் முன்வைத்தார். யா² + 5யா + 5 = 0க்கு இதே வழியில் தொலைவின் வர்க்கம் 1.25, ஆகவே மூலங்கள் உண்டு, ஆனால் அவற்றில் வர்க்கமூலக் குறி போகாது. கடைசி எண்ணை 7 ஆக்கினால் வர்க்கம் −0.75 என்று வரும். மெய்யெண்களில் தீர்வு இல்லை. மூலங்கள் எப்படிப்பட்டவை என்று காட்டும் தன்மைகாட்டியை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு முன்பே அது என்ன சொல்கிறது என்பது பிள்ளைகளின் கையில் கிடைத்துவிடுகிறது.

இரண்டு மூலங்களில் ஒன்றைத் தள்ளிவிட வேண்டும் என்ற பழக்கத்தையும் வாழ்க்கைக் கணக்குகள் மூலம் நாங்களே ஊட்டிவிடுகிறோம். அதற்கு மாற்றாகப் பாஸ்கரரின் குரங்குகளை வகுப்புக்கு அழைத்து வருவேன். கூட்டத்தில் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் தோப்பில் விளையாடுகிறது, மீதி 12 குன்றின் மேல் இருக்கின்றன, மொத்தம் எத்தனை? 48, 16 என்று இரண்டு விடைகள், இரண்டுமே பொருந்தும். எதைத் தள்ளுவது என்று கேட்கும் கைகள் உயரும்போது எதையும் தள்ள வேண்டாம் என்பேன். அடுத்ததாக அவருடைய இன்னொரு கணக்கு: கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் குறைத்து, அதன் வர்க்கம் குகைக்குள் போக, ஒன்று மட்டும் வெளியே தெரிகிறது. விடைகள் 50, 5. ஐந்தில் ஒரு பங்கு 1; அதில் 3 குரங்குகளைக் குறைக்க முடியாது என்பதால் 5ஐப் பாஸ்கரரே ஏற்கவில்லை. சமன்பாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். தள்ளுவதும் கொள்ளுவதும் குரங்குகளைப் பொறுத்தது.

இப்போதெல்லாம் தேர்வில் அந்தப் பழைய கணக்கையே இரண்டு பிரிவாகக் கொடுக்கிறேன்: முதலாவதில் வலப்பக்கம் 6, இரண்டாவதில் 10; விடைகளைப் பிரதியிட்டுச் சரிபார்க்கவும் என்ற குறிப்போடு. ஒவ்வோர் ஆண்டும் சிலர் இரண்டையும் அந்த மாணவியின் வழியிலேயே தொடங்கி, இரண்டாவதில் −30 வந்ததும் நின்று, முதலாவதற்குத் திரும்பிப் போய், 7, 2 என்று சரியாக எழுதியிருந்ததைக் குறுக்கே அடித்துவிட்டு, அடைப்புக்குறிகளை நீக்கிப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கீழே மறுபடியும் 7, 2 என்று எழுதி வைக்கிறார்கள்.